அம்பத்தூர்ச் சிறுதொழில்களின் விலைப்பட்டியலும் பல்கலைக்கழக மின்வணிகப் பாடமும்

ஆய்வுச்சுருக்கம்

பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் மின்வணிக உத்தி, தொழில்நுட்பம் ஆகியவை குறித்த பாடம் பெரும்பாலும் நுகர்வோரை நோக்கிய இணையக் கடையை மையமாகக் கொண்டுள்ளது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு உற்பத்தி அலகுகள் மேற்கொள்ளும் மின்வணிகமோ பெருநிறுவனக் கொள்வோருடனும் அரசின் இணையவாயில்களுடனும் நிகழ்வதாகும். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை, விலைப்பட்டியல் என்னும் ஓர் ஆவணம் கடந்துசெல்லும் வழியைப் பின்தொடர்ந்து இக்கட்டுரை விளக்குகின்றது. ஒரே விலைப்பட்டியலின்மேல் கொள்வோர் காட்டும் மௌனத்திற்குச் சட்டம், வரி அமைப்பு, நிதித் தளம் ஆகிய மூன்றும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மின்வணிகம், மின்தொழில், அம்பத்தூர், சிறுதொழில், விலைப்பட்டியல், எதிர்நிலை ஏலம், ட்ரெட்ஸ், பாடத்திட்டம்.

முன்னுரை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. அதனைச் சுற்றிலும் பெருந்தொழிற்சாலைகள் சூழ்ந்திருந்தமை அதன் வளர்ச்சிக்குக் காரணமாயிற்று. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா ஆகியவையும், ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலையும், எண்ணூரில் அசோக் லேலண்டும் இயங்கின. பின்னாளில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர்ப் பகுதிகளில் மகிழுந்துத் தொழிற்சாலைகள் வந்தன. இத்தகைய ஆலைகளுக்கு வேண்டிய உதிரிபாகங்களைக் கடைந்தும், அச்சழுத்தியும், வெப்பப்பதமிட்டும், முலாம் பூசியும் தரும் சிறு அலகுகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை இத்தொழிற்பேட்டையில் உள்ளன. அதே தெருக்களில் இன்று மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களும் நிற்கின்றன.

இப்பகுதியைச் சுற்றிக் கல்லூரிகளும் குறைவில்லை. சூரப்பட்டு, ஆவடி, பூந்தமல்லி, மதுரவாயல் எனப் பொறியியலும் மேலாண்மையும் கற்பிக்கும் நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றில் பயிலும் மாணவர் மின்வணிகத்தை ஒரு பாடமாகக் கற்கின்றனர். எனினும் அப்பாடத்தில் பேசப்படும் வணிகமும் பேருந்து செல்லும் வழியில் தென்படும் வணிகமும் ஒன்றையொன்று அறியாதவையாக உள்ளன. இது வெறும் பாடத்திட்டக் குறை அன்று. சனிக்கிழமை மாலை கூலி கொடுக்க வேண்டிய ஒரு பட்டறைக்கு, மூன்று திங்களுக்கு முன் அனுப்பிய சரக்கின் தொகை வந்து சேர்கிறதா என்னும் வினாவோடு அக்குறை பிணைந்துள்ளது.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் இருவேறு சொற்களால் குறிக்கப்படும் கருத்துகளைத் தமிழில் 'மின்வணிகம்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் நிலைத்துள்ளது. ஒன்று, இணையத்தின்வழி வாங்குதலும் விற்றலும். மற்றொன்று, கொள்முதல், இருப்பு, உற்பத்தித் திட்டம், கணக்கு, வரி, பணம் பெறுதல் ஆகிய அனைத்தையும் வலையமைப்பின்வழி நடத்துதல். இந்த இரண்டாவது பொருளில் அச்சொல்லை ஐபிஎம் நிறுவனம் 1997இல் தன் விளம்பர இயக்கத்தின்வழிப் பரவச் செய்தது. நாளிதழ்கள் 'ஆன்லைன் வர்த்தகம்' என எழுதும்போது முதற்பொருளே கொள்ளப்படுகின்றது.

தமிழில் 'வணிகம்', 'தொழில்' என இரு சொற்கள் முன்னரே உள்ளன. அம்பத்தூரில் பட்டறை வைத்திருப்பவரைப் பிறர் வணிகர் என்பதில்லை. அவர் 'தொழில் பண்ணுகிறார்' என்றே கூறுவர். ஆகவே முதற்பொருளுக்கு மின்வணிகம் என்றும் இரண்டாம் பொருளுக்கு மின்தொழில் என்றும் வழங்குவது மொழியின் இயல்புக்குப் பொருந்தும். பாடத்தின் பெயரில் மின்வணிகம் நிலைபெற்றுவிட்டதால் இக்கட்டுரை அதனைப் பொதுப்பெயராகவும், வேறுபாடு வேண்டுமிடத்து மின்தொழில் என்பதனைச் சிறப்புப்பெயராகவும் கையாள்கின்றது.

பாடத்திட்டம் காட்டும் வணிகம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் முதுநிலை வணிக மேலாண்மைப் படிப்பில் விருப்பப்பாடமாக இடம்பெற்று வந்த மின்வணிக மேலாண்மைப் பாடத்தை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அறிமுகமும் வணிக மாதிரிகளும், தொழில்நுட்பக் கட்டமைப்பு, வணிகப் பயன்பாடுகள், பணம் செலுத்தலும் பாதுகாப்பும், சட்டமும் தனியுரிமையும் என ஐந்து அலகுகளாக அது அமைந்துள்ளது. வரிசை முறையானதே. ஆயினும் இணையத்தில் புதிதாக ஒரு தொழிலைத் தொடங்குபவரையே அது மாணவராகக் கற்பனை செய்கின்றது. சில்லறை விற்பனை, மின்னஞ்சல் விளம்பரம், வாடிக்கையாளர் உறவு ஆகியவற்றுக்கு விரிந்த இடம் கிடைக்கிறது. நிறுவனங்களுக்கிடையிலான மின்னணுத் தரவுப் பரிமாற்றமோ மூன்றாம் அலகின் நடுவே ஒரு தொடராக வந்துபோகிறது. சட்ட அலகில் நுகர்வோர் பாதுகாப்பு முன்னிற்கின்றது.

அம்பத்தூர் அலகிற்கு நுகர்வோர் இல்லை. கொள்வோர் ஒருவரோ மூவரோ உள்ளனர். அதற்கு விளம்பரம் வேண்டியதில்லை; வேண்டியது அட்டவணை மாறும்போது அச்செய்தி உரிய நேரத்தில் வந்து சேர்வதேயாகும். அது மின்தொழிலை நாடிச் சென்றதுமில்லை. 2017 சூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை கணினியைத் தட்டச்சுப்பொறியாகவே பயன்படுத்திவந்த பட்டறைகளும் ஒரே நாளில் மின்தொழிலுக்குள் வந்தன. 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கிடையிலான சரக்குப் போக்குவரத்திற்கு மின்வழிச்சீட்டு வந்தது. 2016 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'ஜெம்' என்னும் அரசு மின்சந்தை, அரசுத் துறைகளின் கொள்முதல் வாயிலாயிற்று. ரயில்வேக்கு விற்க விரும்புவோர் அதன் மின்கொள்முதல் தளத்தில் பதிந்தாக வேண்டும். இவற்றுள் எதனையும் உரிமையாளர் உத்தியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்வு செய்யப்படாத தொழில்நுட்பத்திற்குள் உத்தி எங்கே இருக்கிறது என்பதே இவ்விடத்தில் கேட்கத்தக்க வினாவாகும். மேலைப் பாடநூல்கள் இவ்வினாவை அரிதாகவே எழுப்புகின்றன.

கோட்பாடுகள் கூறுவன

நிறுவனம் என்பது ஏன் இருக்கிறது என ரொனால்டு கோஸ் 1937இல் வினவினார். சந்தையில் விலை தேடவும் பேரம் பேசவும் ஒப்பந்தம் எழுதவும் ஆகும் செலவு, அவ்வேலையைத் தாமே செய்துகொள்ளும் செலவைவிட மிகும்போது நிறுவனம் தோன்றுகிறது என்பது அவர் தந்த விடை. 1987இல் தாமஸ் மலோன், ஜோஆன் யேட்ஸ், ராபர்ட் பெஞ்சமின் ஆகிய மூவரும் இக்கருத்தைக் கணினிக்குப் பொருத்தினர். தகவல் தொழில்நுட்பம் ஒருங்கிணைப்புச் செலவைக் குறைக்கும். எனவே நிறுவனங்கள் உள்ளே செய்துகொண்டவற்றைச் சந்தையில் வாங்கத் தொடங்கும் என்றனர். இதன்படி, இணையம் பரவப் பரவ வழங்குநர் எண்ணிக்கை பெருக வேண்டும்.

நடைமுறையில் மோட்டார் வாகனத் துறை எதிர்த்திசையில் சென்றது. பெருநிறுவனங்கள் வழங்குநர் பட்டியலைச் சுருக்கின. இதற்கு யானிஸ் பாக்கோஸ், எரிக் பிரின்யோல்ஃப்சன் ஆகியோர் 1993இல் விளக்கம் அளித்தனர். தரம், புதுமை, தகவல் பகிர்வு போன்றவற்றை ஒப்பந்தத்தில் முழுமையாக எழுத இயலாது. அவற்றில் வழங்குநர் முதலீடு செய்யவேண்டுமெனில், ஆதாயத்தில் தமக்குப் பங்கு உண்டு என்னும் நம்பிக்கை அவருக்கு இருக்க வேண்டும். நூறு பேருள் ஒருவராக இருப்பவருக்கு அந்நம்பிக்கை பிறப்பதில்லை. தேடும் செலவு குறைந்த பின்னும் கொள்வோர் சிலரையே நாடுவது இதனால்தான்.

அம்பத்தூர் அலகின் நிலையை இவ்விரு கருத்துகளும் இருபுறமிருந்து காட்டுகின்றன. பட்டியலுக்குள் இருப்பவருக்கு நிலையான வேலை உண்டு; ஆனால் கொள்வோரின் மென்பொருளும் அட்டவணையும் தவணையும் அவர் ஏற்க வேண்டியவையாகின்றன. பட்டியலுக்கு வெளியே இருப்பவருக்கு ஏலம் உண்டு. நாளை உண்டா என்பது தெரியாது. மைக்கேல் போர்ட்டர் 2001இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரையில், இணையம் பொதுவாகக் கொள்வோரின் பேர வலிமையைக் கூட்டும் என்றும், எல்லோரிடமும் உள்ள கருவி எவருக்கும் தனிச்சிறப்பு ஆகாது என்றும் வாதிட்டார். இணையக் குமிழி உடைந்த காலத்தின் எழுத்தாயினும், பட்டறையின் நிலையை அது இன்றும் சரியாகவே படம்பிடிக்கின்றது.

ஒரே ஏலம், இரு திசை

தொழில்நுட்பம் தன்னளவில் எப்பக்கமும் சாராதது என்னும் கூற்று வகுப்பறைகளில் எளிதாகச் சொல்லப்படுகிறது. எதிர்நிலை ஏலத்தின் கதை அக்கூற்றைச் சற்றுத் திருத்துகின்றது.

2000 பிப்ரவரியில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, டெய்ம்லர் கிரைஸ்லர் ஆகிய மூன்றும் பொதுவானதொரு கொள்முதல் தளத்தை அறிவித்தன. கோவிசின்ட் எனப் பெயர்பெற்ற அத்தளத்தின் முதன்மைக் கருவி எதிர்நிலை ஏலம். கொள்வோர் ஓர் உதிரிபாகத்தை அறிவிப்பார். வழங்குநர்கள் திரையில் ஒருவரையொருவர் முந்தி விலையைக் குறைப்பர். வழங்குநர்கள் இதனை விலையை நசுக்கும் கருவியாகவே கண்டனர், மனமுவந்து சேரவில்லை. சில ஆண்டுகளிலேயே ஏலப் பிரிவு ஃப்ரீமார்க்கெட்ஸ் நிறுவனத்திற்குச் சென்றது. எஞ்சியதை 2004இல் கம்ப்யூவேர் வாங்கியது. பெரும் பணமும் பெரும் பெயரும் இருந்தும், மறுபக்கத்தார்க்கு ஆதாயம் இல்லாத சந்தை நிலைக்கவில்லை.

அதே எதிர்நிலை ஏலம் இந்தியாவில் வேறொரு வடிவில் வந்தது. வணிக வரவினங்களை மின்னணு முறையில் பணமாக்கும் 'ட்ரெட்ஸ்' தளங்களுக்கான வழிகாட்டு நெறிகளை இந்திய ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் வெளியிட்டது. 2017இல் ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் ஆகிய தளங்கள் செயற்படத் தொடங்கின. இங்கு ஏலத்திற்கு வருவது உதிரிபாகம் அன்று. கொள்வோர் ஏற்றுக்கொண்ட விலைப்பட்டியல். போட்டியிடுவோர் வழங்குநர் அல்லர். வங்கிகளும் வரவினம் வாங்கும் நிதி நிறுவனங்களும். அவர்கள் ஒருவரையொருவர் முந்திக் குறைப்பது வட்டி விகிதத்தை. வழங்குநர் தமக்கு உகந்த கேள்வியைத் தேர்ந்தால், தொகை ஓரிரு நாள்களில் அவர் கணக்கில் சேரும். தவணை நாளில் கொள்வோர் நிதி நிறுவனத்திற்குச் செலுத்துவார். அவர் தவறினும் வழங்குநரிடம் திரும்பக் கேட்க இயலாது. வங்கி மதிப்பிடுவது பட்டறையின் சொத்தை அன்று, பெருநிறுவனத்தின் நாணயத்தை. குறைந்த வட்டி கிடைப்பதன் காரணம் இதுவே.

ஒரு கணக்கால் இதனைத் தெளிவாக்கலாம். எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. பத்து இலட்சம் ரூபாய் விலைப்பட்டியல், 45 நாள் தவணை. ஆண்டுக்கு 9 விழுக்காட்டில் ஏலம் முடிந்தால் கழிவு 11,096 ரூபாய். அதே தொகையை அதே காலத்திற்கு 15 விழுக்காட்டில் கடனாகப் பெற்றால் வட்டி 18,493 ரூபாய். வேறுபாடு 7,397 ரூபாய். ஒரு பட்டியலுக்கு இது பெரிதன்று. திங்கள்தோறும் இவ்வாறு சுழலும் பட்டறைக்கு ஆண்டு முடிவில் இலாபத்தின் ஒரு பகுதியாகவே அமையும்.

ஏலத்தின் நிரல் இரண்டிடத்தும் ஒன்றே. யார் போட்டியிடுகிறார், எதன்மேல் போட்டியிடுகிறார் என்னும் விதியே வேறு. ஆகவே 'தொழில்நுட்பம்' ஓர் அலகாகவும் 'உத்தி' மற்றோர் அலகாகவும் பிரித்துக் கற்பிக்கப்படும்போது, இரண்டும் சந்திக்கும் இந்த இடம் மாணவர் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது.

மௌனம் சம்மதமா?

ட்ரெட்ஸ் இவ்வளவு சீரானதாயின், தொகை வரவில்லை என்னும் முறையீடு தொழிற்பேட்டைகளில் ஏன் ஓயவில்லை? விடை 'ஏற்பு' என்னும் ஒரு சொல்லில் உள்ளது.

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது வழக்கு. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 இவ்வழக்கோடு ஒத்துச் செல்கின்றது. சரக்கு சேர்ந்த 15 நாள்களுக்குள் கொள்வோர் எழுத்துவழி மறுப்புத் தெரிவிக்காவிடின், சரக்கு சேர்ந்த நாளே ஏற்பு நாளாகக் கொள்ளப்படும். அந்நாளிலிருந்து, எழுத்துவழி உடன்பாடு இருப்பினும் 45 நாளுக்கு மேல் தவணை நீளலாகாது என்கிறது 15ஆம் பிரிவு. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டியைத் திங்கள்தோறும் கூட்டுவட்டியாகச் செலுத்த வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு.

சரக்கு மற்றும் சேவை வரி அமைப்பும் இவ்வழியையே பின்பற்றுகின்றது. 2024 அக்டோபரில் அறிமுகமான விலைப்பட்டியல் மேலாண்மை அமைப்பில் கொள்வோர் ஏற்கலாம், மறுக்கலாம், நிலுவையில் வைக்கலாம். ஒன்றும் செய்யாவிடின் ஏற்றதாகவே கருதப்படும். அதன் அடிப்படையில் உள்ளீட்டு வரி வரவு அவர் கணக்கில் தோன்றும்.

ட்ரெட்ஸ் தளத்திலோ நிலை தலைகீழ். கொள்வோர் திரையில் ஒப்புதல் தந்தாலன்றி விலைப்பட்டியல் ஏலத்திற்கு வராது. அவர் ஒன்றும் செய்யாதிருந்தால் அது அங்கேயே கிடக்கும். அதாவது ஒரே சரக்கு, ஒரே விலைப்பட்டியல், ஒரே கொள்வோர், ஒரே மௌனம். தொழில் சட்டத்தில் அம்மௌனம் ஏற்பு. வரி அமைப்பிலும் ஏற்பு. பணம் தரும் தளத்தில் மட்டும் அது ஏற்பின்மை. வரி வரவைப் பெறுவதற்குப் போதுமான மௌனம், வழங்குநருக்குப் பணம் கிடைப்பதற்குப் போதவில்லை. இடையில், விலைப்பட்டியல் எழுதிய வழங்குநர் அடுத்த திங்கள் 20ஆம் நாளுக்குள் அதற்குரிய வரியைக் கட்டியாக வேண்டும். தொகை வந்ததா என வரி அமைப்பு வினவுவதில்லை.

நிதி நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஏற்கப்படாத கடனை வாங்குவோர் எவருமில்லை. கொள்வோரின் தெளிவான ஒப்புதலே அவ்வரவினத்தின் உயிர். ஆகவே இது மென்பொருள் பிழை அன்று. எனினும் இயல்பு நிலை எதுவாக இருக்க வேண்டும் என்பதை எவரோ ஒருவர் முடிவு செய்துள்ளார் என்பதும், அம்முடிவு யாரிடம் ஆற்றலைச் சேர்க்கிறது என்பதும் மின்வணிக உத்தியின் முதற்பாடமாகத் தகும்.

அரசு இதற்கு இரண்டு வழிகளில் நெருக்குதல் தந்துள்ளது. 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் ட்ரெட்ஸில் பதிய வேண்டும் என 2018 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் இவ்வரம்பு 250 கோடியாகக் குறைக்கப்பட்டது. பதிவு கட்டாயமே, ஒவ்வொரு பட்டியலையும் ஏற்பது கட்டாயமன்று. இரண்டாவது, வருமானவரிச் சட்டத்தில் 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட 43பி பிரிவின் 'எச்' கூறு. குறு, சிறு நிறுவனங்களுக்கு மேற்சொன்ன காலவரம்பிற்குள் செலுத்தாத தொகையை, உண்மையாகச் செலுத்தும் ஆண்டில் மட்டுமே செலவாகக் காட்ட இயலும். இது கொள்வோரின் வரிக்கணக்கைத் தொடுவதால் வலுவான கருவி. ஆயினும் பெருநிறுவனங்கள் பதிவுபெற்ற சிறு அலகுகளைத் தவிர்த்துவிடுமோ என்னும் அச்சம் தொழில் அமைப்புகளிடையே எழுந்தது. பாக்கோஸ், பிரின்யோல்ஃப்சன் ஆகியோரின் கருத்தை மாணவர் மீண்டும் புரட்டிப் பார்க்க வேண்டிய இடம் இது.

சட்டம் தந்த உரிமையைச் சிறு அலகுகள் ஏன் கேட்டுப் பெறுவதில்லை என்பதும் உடன் எழும் வினா. 2017 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'சமாதான்' இணையவாயிலில் முறையீடு பதிவது எளிது. ஆனால் தன் உற்பத்தியின் பெரும்பகுதியை ஒரே கொள்வோருக்கு அனுப்பும் பட்டறை, அவர்மீதே முறையிட்டுவிட்டு அடுத்த வார அட்டவணையை எதிர்பார்க்க இயலுமா? படிவம் நிரப்புதல் தொழில்நுட்பம்; நிரப்பலாமா என முடிவெடுத்தல் உத்தி.

வகுப்பறைக்குள் ஒரு விலைப்பட்டியல்

ஒற்றை விலைப்பட்டியலை ஒரு பருவம் முழுவதற்கும் பாடப்பொருளாகக் கொள்ள இயலும். மின்விலைப்பட்டியல் 2020 அக்டோபர் 1இல் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளோருக்குக் கட்டாயமாகி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேற்பட்டோருக்கும் வந்தது. வழங்குநரின் வரிப்பதிவு எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகியவற்றிலிருந்து 64 குறிகள் கொண்ட தனியடையாளம் கணக்கிடப்படுகிறது. அதே பட்டியலை இருமுறை பதிய முயன்றால் அதே அடையாளமே மீண்டும் பிறக்கும். எனவே இரட்டைப் பதிவு தடுக்கப்படும். குறியாக்கவியலின் பொழிப்புச் சார்பைக் கற்பிக்க இதனினும் அருகிலுள்ள எடுத்துக்காட்டு இல்லை. பாடநூல்களில் அது பெரும்பாலும் கடவுச்சொல்லோடு நின்றுவிடுகிறது.

ஒப்பந்தச் சட்டமும் இதே தாளில் உள்ளது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 10அ பிரிவு, மின்னணு வடிவில் உருவானது என்னும் காரணத்தால் மட்டும் ஒப்பந்தம் செல்லாததாகாது என்கிறது. கொள்வோரின் இணையவாயிலில் வழங்குநர் அழுத்தும் 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானுக்குப் பின்னால் எத்தனை நாள் தவணை எழுதப்பட்டுள்ளது, அது 45 நாளைத் தாண்டுகிறதா எனத் தேடச் சொல்வது நல்ல பயிற்சியாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. தரைத்தளக் கணினியில் மட்டும் கணக்கு வைத்திருக்கும் அலகு, அத்தகைய வாரத்தில் தனக்கு வரவேண்டியதை எதைக் கொண்டு மெய்ப்பிக்கும் என்பது மேகக் கணிமை அலகிற்கு உரிய வினா.

மொழி குறித்தும் ஒன்று கூற வேண்டியுள்ளது. இப்பாடத்தை ஆங்கிலத்தில் கற்ற பட்டதாரி, பட்டறையின் கணக்கறையில் அமர்ந்ததும் உரிமையாளருக்குத் தமிழில்தான் விளக்குவார். அங்கு விலைப்பட்டியல் என்பது 'பில்'. அதனைத் தவணைக்கு முன் பணமாக்குவதைத் தமிழக வணிகவியல் நூல்கள் 'தள்ளுபடி செய்தல்' என்கின்றன. பொதுமக்கள் செவியில் தள்ளுபடி என்றால் ஒன்று ஆடி மாத விற்பனை, மற்றொன்று விவசாயக் கடன் நீக்கம். 'உங்கள் பில்லைத் தள்ளுபடி செய்யலாம்' எனக் கேட்கும் உரிமையாளர், வரவேண்டிய தொகையை விட்டுக்கொடுக்கச் சொல்வதாகவே எண்ணக்கூடும். இலங்கை வணிகக் கல்வியில் வழங்கும் 'கழிவு' இவ்வளவு குழப்பம் தருவதில்லை. மேலும், ட்ரெட்ஸில் நிகழ்வது கடன் பெறுதல் அன்று. வரவேண்டிய தொகைக்கான உரிமையை விற்றல். திரும்பக் கேட்டல் இல்லாத இவ்விற்பனையைக் கடன் என்று மொழிபெயர்த்தால், ஏற்கெனவே வங்கிக் கடனில் உள்ளவர் அஞ்சி விலகுவார். 'வரவின விற்பனை' என்னும் தொடர் இதற்குப் பொருந்தும். சரக்கை ஒருவருக்கு விற்றபின் அதன் வரவையும் வேறொருவருக்கு விற்கலாம் என்றால், பட்டறைக்காரருக்கு அது விளங்கும்.